கவாத்து முடிந்த மாதம்

கிருபாவதி: எங்க போறீக?

தங்கபாண்டி: வண்டிய வெயில்ல நிப்பாட்டிட்டேன். நெழல்ல தள்ளி விட்டுட்டு...

கிருபாவதி: இப்பத்தான நெழல்ல தள்ளி விட்டுட்டு வந்தீக.

தங்கபாண்டி: நெழலு நகந்துருக்கும்ல.

கிருபாவதி: உக்காருங்க மாமா. கயலு உள்ள பயிற்சி டீச்சர் கூட இருக்கா. அவ முடிச்சதும் டாக்டரம்மா நம்மளக் கூப்பிடுவாக. அந்நேரம் ஒங்களத் தேனி பூராம் தேட முடியாது.

தங்கபாண்டி: ஒன்பது வயசுப் புள்ளைய எம்புட்டு நேரந்தான் உள்ள வச்சிருப்பாக... டீ வாங்கியாரவா?

கிருபாவதி: ஒங்க கையில இருக்கது என்ன?

தங்கபாண்டி: ...ஆறிப்போச்சு.

கிருபாவதி: குடிச்சாத்தான.

தங்கபாண்டி: தோட்டத்து மோட்டார ஆஃப் பண்ணுனேனா?

கிருபாவதி: பண்ணீட்டீக. நான் பக்கத்துலதான் நின்னேன்.

தங்கபாண்டி: எதுக்கும் பக்கத்து வீட்டு மொக்கம்மா அத்தைக்கு ஒரு போனப் போட்டு...

கிருபாவதி: அத்தை தோட்டத்துப் பக்கம் போயி வருசமாச்சு. கால ஆட்டாதீக, பெஞ்சே குலுங்குது. எதுத்தாப்புல இருக்கவுக பாக்குறாக.

தங்கபாண்டி: பாத்தாப் பாக்கட்டும்.

கிருபாவதி: இன்னைக்கு என்ன இப்பிடி... ஒரு மாசமா நல்லாத்தான இருந்தீக.

தங்கபாண்டி: நான் எப்பவும் போலத்தான் இருக்கேன்.

கிருபாவதி: எப்பவும் போலவா? கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்குறேன். கவாத்துக் கத்திரிய எடுத்தா ரெண்டு திராட்சக் கொடி வெட்டுவீக. பந்தக் கம்பி தொங்குதுன்னு அங்கன போவீக. கம்பி வாங்கக் கம்பம் போவீக. கம்பிய விட்டுட்டு கிடாக்குட்டியோட வருவீக.

தங்கபாண்டி: நல்ல கிடா அது. சல்லிசா வந்துச்சு.

கிருபாவதி: இந்தத் தடவ தோட்டம் பூராம் ஒரே ஆளா கவாத்து முடிச்சீக. ராஜபாண்டி அண்ணன் வாயப் பொளந்துட்டாக. மாப்ளைக்கு என்னத்தா ஆச்சுன்னு எங்கிட்டக் கேக்குறாக.

தங்கபாண்டி: வயசாகுதுல்ல. பொறுப்பு வந்துருச்சு.

கிருபாவதி: வந்தா சந்தோசந்தான். சோறுதான் எறங்க மாட்டேங்குது ஒங்களுக்கு. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்குறீக.

தங்கபாண்டி: புழுக்கம்.

கிருபாவதி: கயலு மட்டும் தோசை மேல தோசை கேக்குறா. மாத்திரை போட்டா பசி கொறையும்னு டாக்டரம்மா சொன்னாக. அவளுக்கு ஒண்ணும் கொறையலையே.

தங்கபாண்டி: எல்லா ஒடம்பும் ஒண்ணா?

கிருபாவதி: பள்ளிக்கூடத்துலருந்து பாண்டீஸ்வரி டீச்சர் நேத்தும் போன் பண்ணுனாக. ஒரு மாத்தமும் இல்லையாம். சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காளாம். கணக்குல பாதிய எழுதிட்டு மீதியில கோழி வரைஞ்சு வச்சிருக்காளாம்.

தங்கபாண்டி: நல்லா வரைவா.

கிருபாவதி: கூடப் படிக்கிறதுக மண்டு, மண்டுன்னு கூப்பிடுதுக. அம்மா, நான் மண்டான்னு எங்கிட்டக் கேக்குறா.

தங்கபாண்டி: ...எந்தப் புள்ள கூப்பிட்டுச்சு? பேரச் சொல்லு.

கிருபாவதி: பேரு தெரிஞ்சு? போயி அடிக்கப் போறீகளா? டாக்டரம்மா மொத நாளே சொன்னாகல்ல... வளத்த கொறையும் இல்ல, புள்ளைக்குக் கொழுப்பும் இல்ல. கவனம் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, அது ஒரு கோளாறு, மருந்தும் பயிற்சியும் சேந்தா வழிக்கு வரும்னு.

தங்கபாண்டி: எங்க வாத்தியாரு வச்ச வைத்தியம் வேற. புளியங்குச்சி.

கிருபாவதி: அவளுக்கு அந்தக் குச்சி வேணாம்னுதான இங்கன வந்தோம். வீட்டுல வேற யாருக்காச்சும் இப்பிடி இருக்கான்னு கேட்டாகல்ல, நீங்க படக்குன்னு இல்லைன்னீக.

தங்கபாண்டி: பெரியவுகளுக்கு எங்குட்டு வரும் இதெல்லாம்?

கிருபாவதி: புதுசா வராதாம். சின்னதுலருந்தே இருக்குமாம். யாரும் கண்டுக்கிறாம விட்ருப்பாகளாம்... சரி, மருந்து கேக்கலைன்னு சொன்னா இன்னைக்கு டோஸக் கூட்டுவாக.

தங்கபாண்டி: கூட்டுவாகளா?

கிருபாவதி: போன தடவையே சொன்னாகளே.

தங்கபாண்டி: கூட்ட வேணாம். இன்னொரு மாசம் இதே அளவு பாப்போம்.

கிருபாவதி: ஒரு மாசம் போட்டும் கேக்கலையே.

தங்கபாண்டி: போட்டுருந்தா கேட்டுருக்கும்... இல்ல, போடப் போடக் கேக்கும்ங்கிறேன்.

கிருபாவதி: என்ன சொன்னீக?

தங்கபாண்டி: ஒண்ணுமில்ல. வண்டிச் சாவிய எங்கன வச்சேன்?

கிருபாவதி: எங்கிட்ட இருக்கு. தர மாட்டேன். நான் விடியக்காலையில ஏலக்காத் தோட்டத்து வேலைக்கு ஜீப்பு ஏற ஓடுறவ. மாத்திரை குடுக்குறது ஒங்க பொறுப்பு. தெனமும் குடுத்தீகளா?

தங்கபாண்டி: அட்டை காலியாயிருச்சுல்ல. நீயே பாத்தேல்ல.

கிருபாவதி: பாத்தேன். நான் அதக் கேக்கல.

நர்ஸ்: கயல் அப்பா, அம்மா... பாப்பாவுக்குப் பயிற்சி முடிஞ்சிருச்சு, வெளாட்டு ரூம்ல இருக்கா. அடுத்து நீங்கதான். எந்திரிச்சுப் போயிராதீங்க.

தங்கபாண்டி: கிருபா... உள்ள டோஸக் கூட்டுறேன்னு சொன்னா நீ வேணாம்னு சொல்லிரு.

கிருபாவதி: காரணத்தச் சொல்லுங்க, சொல்றேன்.

தங்கபாண்டி: ...புது மருந்து வந்தா தோட்டம் பூராத்துக்குமா அடிப்போம்? ஓரத்துல ஒரு கொடியில அடிச்சு, இலை கருகலைன்னாத்தான மத்ததுக்கு.

கிருபாவதி: ஆமா.

தங்கபாண்டி: இருக்கது ஒரு புள்ள. மூளைக்குப் போற மருந்துங்கிறாக. மந்தமாக்கிரும், பழகுனா விடாதுன்னு ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. அதான்... மொத மாத்திரைய நான் முழுங்கிப் பாத்தேன்.

கிருபாவதி: அவளுக்கு எழுதுன மருந்த நீங்க திங்கலாமா?

தங்கபாண்டி: ரெண்டு நாள் பாத்துட்டு அவளுக்குக் குடுத்துரலாம்னுதான்... கௌமாரியம்மன் சத்தியமா.

கிருபாவதி: அப்பறம்?

தங்கபாண்டி: என் தலைக்குள்ள எந்நேரமும் பத்துப் பேரு பேசிக்கிட்டே இருப்பாய்ங்க. எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அம்புட்டுப் பேரும் வாய மூடிட்டாய்ங்க, கிருபா. கண்ணு முன்னாடி கொடி மட்டுந்தான் இருந்துச்சு. வெட்டுனேன். அடுத்த கொடிக்குப் போனேன். வரிசை முடிஞ்சிருச்சு. முடிஞ்ச வரிசையத் திரும்பிப் பாத்து... அழுதுட்டேன். சின்னதுலயே இப்பிடி இருந்துருந்தா நானும் பத்தாவது முடிச்சிருப்பேன். எங்கய்யா சாகுற அன்னைக்குக் கூட உருப்படாதவன்னு சொல்லிட்டுப் போயிருக்க மாட்டாரு. மறுநா அவளுக்குன்னுதான் அட்டையப் பிச்சேன். கை என் வாய்க்குத்தான் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். நேத்தோட தீந்துபோச்சு.

கிருபாவதி: அதான் இன்னைக்கு இந்த ஆட்டமா?

தங்கபாண்டி: பெத்த புள்ளைக்கு உள்ளதத் தின்னுட்டேன். அவ மண்டுன்னு பேரு வாங்கிட்டு வர்றா. இத எந்த மூஞ்சிய வச்சு உள்ள போயிச் சொல்றது...

கிருபாவதி: இந்த மூஞ்சிய வச்சுத்தான். நெஞ்சு படபடன்னு அடிச்சதையும் சேத்துச் சொல்லுங்க.

தங்கபாண்டி: அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?

கிருபாவதி: பக்கத்துலதான படுத்துருக்கேன்.

நர்ஸ்: தங்கபாண்டி யாருங்க? உள்ள வாங்க.

தங்கபாண்டி: கயலுன்னுல்ல கூப்பிடணும்... என் பேரு எப்பிடி வந்துச்சு?

கிருபாவதி: வந்ததுமே கயலுக்கும் ஒங்களுக்கும் சேத்து டாக்டரப் பாக்கச் சீட்டுப் போட்டேன். ஒங்க வாயால வரட்டும்னுதான் இம்புட்டு நேரம் உக்காந்துருந்தேன். நேத்து அவளே எங்கிட்டச் சொல்லிட்டா, ‘எனக்கு வேணாம்மா, அப்பாவுக்கே குடுத்துருங்க, அதப் போட்டாத்தான் அப்பா நான் பேசுறத முழுசாக் கேக்குறாரு’ன்னு.