சிநேகிதனின் தாடை

அவள்: ...அதான், முன்னாடி பாத்த மாப்பிள்ளை தலையில இருந்தது விக்குன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே எந்திரிச்சு வந்துட்டேன்.

அவன்: விக்கா? முழுசாவா?

அவள்: முழுசா! ஃபேன் காத்துல லேசாத் தூக்கிச்சு. நான் டீயைக்கூட முடிக்கல.

அவன்: சரியாப் பண்ணீங்க. மனுஷன்னா உள்ளது உள்ளபடி இருக்கணும்.

அவள்: முடி இல்லாதது தப்பில்ல. மறைச்சதுதான் தப்பு. அதுவும் கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட!

அவன்: ரொம்ப கரெக்ட். என்கிட்ட அந்தப் பேச்சே கிடையாது. பாருங்க, எல்லாம் ஒரிஜினல்.

அவள்: என்னை ஏமாத்தவும் முடியாது. கண்ணாடிக் கடைல வேலை. நாள் பூரா முகம் பாக்கறதுதான் பொழைப்பு. ஃப்ரேமை மாட்டினதுமே மூக்கு கோணலா, காது ஏத்தமான்னு சொல்லிடுவேன்.

அவன்: ...ஓ.

அவள்: என்ன, ஒரு டம்ளர் தண்ணியையும் ஒரே மூச்சுல குடிக்கறீங்க?

அவன்: புழுக்கமா இருக்கு.

அவள்: ஏசி ஓடுதே!

அவன்: லிஃப்ட் மெக்கானிக் இல்லையா... இருட்டுக்குள்ளயே வேலை. வெளிச்சத்துக்கு வந்தாலே புழுங்கும்.

அவள்: உங்க முகம் நல்ல பொருத்தமா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி. தாடையெல்லாம் அளவெடுத்து வெச்ச மாதிரி...

அவன்: பிறவிங்க! பிறவியிலேயே இப்படித்தான்!

அவள்: நான் ஒண்ணும் கேக்கலையே.

அவன்: சும்மா... ஒரு தகவலுக்கு.

சர்வர்: சார், ரெண்டு க்ரீம் கேக். வேற ஏதாவது?

அவன்: இப்ப போதும்ப்பா.

அவள்: அந்த ஜன்னல் வழியா எதிர்ல பாருங்களேன். ‘கோணல் தாடையா? கவலை வேண்டாம்!’ ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு முகம், பின்னாடி ஒரு முகம். எவ்வளவு பெரிய போர்டு!

அவன்: ச்சே. காலம் கெட்டுப்போச்சு.

அவள்: அதானே! இருக்கற முகத்தோட இருக்க வேண்டியதுதானே?

அவன்: கன்னத்தைக் கிழிச்சு, தையல் போட்டு, கண்றாவி...

அவள்: கன்னத்தை ஏன் கிழிக்கறாங்க? வாய்க்குள்ளயே வெட்டுவாங்க. வெளிய தழும்பே தெரியாது.

அவன்: அப்படியா? உங்களுக்கு எப்படி...

அவள்: பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க பண்ணிக்கிட்டாங்க. காதுல விழுந்தது.

அவன்: ஓஹோ.

அவள்: இப்படிப் பண்ணிக்கறவங்களுக்கு என்ன, இன்னிக்குப் போய்ப் படுத்தா நாளைக்கு சினிமா முகம்.

அவன்: நாளைக்கா! யாருங்க சொன்னா? முதல்ல பல்லுக்குக் கம்பி போட்டு வரிசைப்படுத்தணும். அதுக்கே ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் ஓடிடும். அப்புறம் மயக்கம் குடுத்து, எலும்பை அறுத்து, நகர்த்தி, தகடு வெச்சு ஸ்க்ரூ போட்டு... முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, வாரக்கணக்குல ஜூஸும் சூப்பும்தான்!

அவள்: இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படி?

அவன்: ...ஒரு சிநேகிதனுக்குப் பண்ணாங்க.

அவள்: நெருங்கின சிநேகிதரோ?

அவன்: நான் எங்க போனாலும் கூடவே வருவான்.

அவள்: பாவம். அழகுக்காக இவ்வளவு பாடா?

அவன்: அழகுக்கு இல்லைங்க! அவனுக்குக் கீழ்த்தாடை முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். மேல்பல்லும் கீழ்பல்லும் சேரவே சேராது. லிஃப்ட்டு கதவு ரெண்டும் நேரா வந்து சேரலைன்னா மோட்டார் எவ்வளவு நல்லா இருந்தாலும் வண்டி நகராதுல்ல? அந்தக் கதைதான். ஒரு பிரெட்டைக்கூட முன்பல்லால கடிக்க முடியாது.

அவள்: சின்ன வயசுலயே பண்ணியிருக்கலாமே?

அவன்: எலும்பு வளர்ந்து முடியணுமே. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஸ்கூல் பூரா அந்த முகத்தோடதான்.

அவள்: நான் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேர் எதிர். கீழ்த்தாடை உள்ள போயிருந்தது. ராத்திரில மூச்சு அடைச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துடுவாங்க.

அவன்: அடடா. என் சிநேகிதன்கிட்ட இருந்து கொஞ்சம் வாங்கி அவங்களுக்கு வெச்சிருக்கலாம்.

அவள்: அவங்களுக்கு ‘கழுத்து’ன்னே பட்டப்பேரு. முகம் எங்க முடியுது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலையாம். உங்க சிநேகிதருக்கு?

அவன்: ‘டிராயர்’.

அவள்: என்னது?

அவன்: இழுத்துட்டு மூட மறந்த மேஜை டிராயர்னு அர்த்தம். விஷயம் தெரியாதவங்க அரைக்கால் டிராயர்னு நினைச்சுக்கிட்டாங்க. அது இன்னும் கேவலம்.

அவள்: ஐயோ... சிரிச்சுட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

அவன்: கேட்டுக்கிட்டுதான் இருக்... கேட்டா அவனும் சிரிப்பான்னு சொல்ல வந்தேன்.

அவள்: இப்ப நல்லா இருக்காரா?

அவன்: ஜோரா இருக்கான். முதல்முதலா ஒரு ஆப்பிளை நறுக்குன்னு கடிச்ச அன்னிக்கு அழுதுட்டானாம், தடிப்பய.

அவள்: கல்யாணம் ஆயிடுச்சா?

அவன்: அதுலதான் சிக்கல். பொண்ணு பாத்த இடத்துலயெல்லாம் உண்மையைச் சொன்னான். ‘குழந்தைக்கும் வருமா?’ன்னாங்க. வரலாம்னான். அவ்வளவுதான், ஆளையே காணோம். இப்ப அவங்கம்மா, ‘இனிமே இதைப் பத்தி வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்’னு சொல்லி அனுப்பறாங்க.

அவள்: நல்லா இருக்கே! இவ்வளவு பாடுபட்டு வாயைச் சரிபண்ணது, திறக்காம இருக்கவா?

சர்வர்: மன்னிக்கணும்... மோவாய்ல க்ரீம் ஒட்டியிருக்கு.

அவன்: எனக்கா?

அவள்: எனக்கா?

சர்வர்: மேடம், உங்களுக்கு இல்ல. நீங்க ஏன் துடைக்கறீங்க? சாருக்குத்தான், ரொம்ப நேரமா.

அவள்: கை தானாப் போயிடுச்சு.

சர்வர்: சார், அங்க இல்ல... இன்னும் கீழ... அட, இவ்வளவு இருக்கு, தெரியலையா சார்?

அவன்: தெரியுது, தெரியுது! நீ போப்பா.

அவள்: நிஜமாவே தெரியலையா?

அவன்: குளிர்ல மரத்துப்போயிருக்கும்.

அவள்: இப்பத்தானே புழுக்கம்னீங்க? சொல்லுங்க.

அவன்: நான் கிளம்பறேங்க.

அவள்: கேக் பாதி அப்படியே இருக்கு!

அவன்: நீங்க எந்திரிச்சுப் போறதைப் பாக்கற தெம்பு எனக்கில்ல. அந்தச் சிநேகிதன் நான்தான். தகடு, ஸ்க்ரூ எல்லாம் இதோ, இங்கதான் இருக்கு. மோவாய்ல தொட்டா ஒரு பக்கம் எதுவும் தெரியாது. நரம்பு இன்னும் முழிச்சுக்கல. முழிக்காமலே போனாலும் போகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னார். உங்ககிட்ட வந்ததுமே சொல்லியிருக்கணும். என்ன பண்ண, உங்களைப் பிடிச்சுப்போச்சு... பயந்துட்டேன்.

அவள்: உக்காருங்க.

அவன்: எதுக்கு? இன்னும் என்ன இருக்கு?

அவள்: உக்காருங்கன்னா! எந்தப் பக்கம்?

அவன்: எது எந்தப் பக்கம்?

அவள்: மரத்துப்போனது.

அவன்: இடது... ஏன் கேக்கறீங்க?

அவள்: அப்ப சாப்பிடும்போது நான் உங்க இடது பக்கமே உக்காந்துக்கறேன். உங்க மோவாயை நான் பாத்துக்கறேன், என்னோடதை நீங்க பாத்துக்கோங்க... எனக்கு வலது.