அத்தையின் தூக்கம்

பலாங்கொடை பஸ் ஓப்பநாயக்கவைத் தாண்டியபோது, முன் இருக்கையில் இருந்த, கேம்பஸில் படிக்கும் பிள்ளை பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

"எங்க அத்தை நல்லாத் தூங்குனதால என் ஆராய்ச்சி கெட்டுப்போச்சுடி."

தோழி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்க தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்கள சீட்டுக் குலுக்கி ரெண்டு குழுவாப் பிரிச்சேன்ல. ஒரு குழுவுக்குத் தூக்கம் வர்றதுக்கு மூச்சுப் பயிற்சி. மத்தக் குழுவுக்கு ஒண்ணும் கிடையாது. அப்பத்தானே ஒப்பிட்டுப் பாக்கலாம். அத்தை அந்த மத்தக் குழு."

"பெறகு?"

"பயிற்சி எடுத்தவங்க மலையில கொழுந்து எடுக்கிறப்ப எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க. இப்ப ரெண்டு குழுவும் நல்லாத் தூங்குது."

"யாருக்கும் சொல்ல வேணாம்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன். ஆனா அங்க ஒரு ரொட்டியக்கூட தனியாத் திங்க மாட்டாங்க. நானும் அந்த லயத்து வீட்டுலதானே வளந்தேன், எனக்குத் தெரியாதா? இருந்தும் கோவத்துல, கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாருக்கும் முன்னால அத்தைய ஏசிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"கூடையத் தூக்கிட்டு நடந்துட்டாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே மிச்சத்தைச் சொன்னாள்.

"நேத்து வீட்டுக்குப் போனேன். அத்தைக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. 'அந்தப் பயிற்சிய நீ ஏசுன அன்னைக்கே விட்டுட்டேன் புள்ள. இப்ப பழையபடி தூக்கமே இல்ல. இனி உனக்குச் சரியா வரும்தானே'ன்னு கேக்குறாங்க."