எதிரில் ஒரு ஆள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரே கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி, பாதுகாப்பு நாள் விழாப் போட்டியில் தனியாக நடிக்கப் போகும் வசனத்தைப் பேசிக் காட்டினாள். மெஷினில் விரலைப் பறிகொடுத்தவள் வேடம்.

"நல்லாத்தான் அழுவுற. யாரப் பாத்து அழுவுறன்னுதான் தெரியல," என்றாள் தோழி.

"எல்லாரயும் பாத்துத்தான்."

"அதான் ஒட்டல. எதிர்ல ஒரு ஆளு இருக்கணும்டீ. அவன்கிட்ட உனக்கு ஏதாச்சும் வேணும், அவன் தரமாட்டான். அப்பத்தான் பேச்சுல உசுரு வரும்."

"காலையில இதப் பேசிப் பாத்துத்தான் கம்பெனி பஸ்ஸ விட்டோம். இன்னுமா?"

நடித்துக் காட்டியவளின் போன் அடித்தது. "சூப்பர்வைசர்," என்று முனகிவிட்டு எடுத்தாள்.

"சார், ராத்திரி யானை எறங்கிடுச்சு சார். ராகி மொத்தமும் போச்சு. எங்கப்பா வயல்லயே உக்காந்துட்டாரு, எழுப்பவே முடியல. வந்துட்டே இருக்கறேன். ஆப்சென்ட் மட்டும் போட்றாதீங்க சார்..."

குரல் உடைந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பக்கம் மனம் இரங்கியிருக்க வேண்டும். "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று வைத்தாள்.

"உங்களுக்கு ஏதுடீ வயலு?"

"இல்லதான்."

"இதயே மேடையில பண்ணு. பரிசு உனக்குத்தான்."

"எப்பிடிடீ பண்றது? ஜட்ஜே அந்தாளுதான்."