புயலுக்கு முந்தின விமானம்

ஜெமைமா: …பைய மட்டும் வச்சா ஆச்சா? நீயும் தராசுல ஏறு. ஒம்பது சீட்டு விமானம் இது. ஆள நிறுக்காம சீட்டுக் குடுக்க மாட்டேன்.

டெல்ஃபீன்: ஏறிட்டேன் அத்தை.

ஜெமைமா: கோட்டக் கழட்டு.

டெல்ஃபீன்: குளிருதே…

ஜெமைமா: ஹீட்டர் பக்கத்துல நின்னு வேர்த்து ஒழுகுது உனக்கு. குளிருதாம்.

டெல்ஃபீன்: கோட்டோடதான பறக்கப் போறேன்? கோட்டோடயே நிறுங்க.

ஜெமைமா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எண்பத்தாறு கிலோ. ஹாஸ்டல்ல அவ்வளவு நல்ல சாப்பாடா?

டெல்ஃபீன்: டப்பா எறச்சியும் உருளக்கிழங்கும். மூணு வாரமா.

ஜெமைமா: பெட்டில?

டெல்ஃபீன்: ஆரஞ்சு… அப்புறம் டயப்பர்.

ஜெமைமா: அது யாருக்கு?

டெல்ஃபீன்: எங்க ஊரு கரடிமுனையில பிள்ளைங்களுக்குப் பஞ்சமா?

ஜெமைமா: டெல்ஃபீன், முழுப் பூசணிக்காயக் கோட்டுக்குள்ள மறைக்காத. ஊர்ல பிரசவ ஆஸ்பத்திரி இல்லன்னு, பெத்துக்கிட்டு வான்னு உன்ன இங்க தெற்க அனுப்புனாங்க. நீ வயித்தோட திரும்புற.

டெல்ஃபீன்: …டாக்டர் கடிதம் கேப்பீங்களா?

ஜெமைமா: எத்தன மாசம்னு கேட்டாத்தான் கடிதம் கேக்கணும். நான் இன்னும் கேக்கல.

டெல்ஃபீன்: எட்டு முடிஞ்சு…

ஜெமைமா: வாய மூடு. நான் கேக்கலைன்னு சொன்னேன்.

டெல்ஃபீன்: சரி அத்தை.

ஜெமைமா: அப்படி என்ன பிடிவாதம் உனக்கு?

டெல்ஃபீன்: மூத்தவன இங்கதான் பெத்தேன். ரெண்டு நாள் வலி. பக்கத்துல பேச ஆளில்ல, சுவத்துக் கடிகாரந்தான். என் புருஷன் மகன் மூஞ்சியப் பாத்ததே மூணு வாரம் கழிச்சு. இன்னொரு தடவ என்னால முடியாது.

ஜெமைமா: எல்லாருக்கும் அப்படித்தான…

டெல்ஃபீன்: எல்லாருக்கும்னா சரியாயிடுமா? நானும் இங்க பொறந்தவதான். எங்க ஊர்ல இப்ப சாக மட்டுந்தான் செய்யறோம் அத்தை. ஒருத்தரும் பொறக்கறதில்ல.

ஜெமைமா: ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா?

டெல்ஃபீன்: பயம் இல்லைன்னு சொல்லல. நர்ஸ் இருக்கா. பத்துப் பிள்ளைய கையில வாங்கின மாமியா இருக்கா. தல கீழ இருக்கு, எல்லாம் சரின்னு டாக்டரே சொன்னாரு.

ஜெமைமா: அந்த நர்ஸ் உன்ன அடுத்த விமானத்துலயே திருப்பி அனுப்புவா.

டெல்ஃபீன்: அடுத்த விமானம் எப்ப அத்தை?

ஜெமைமா: எங்க… மூணு மணிக்குப் புயல். நாலு நாளைக்கு ஒண்ணும் பறக்காது. ஏய், இரு. ஒரு வாரமா தெனம் போன் பண்ணி வானிலை கேட்டுட்டு, பேர் சொல்லாம வச்சது…

டெல்ஃபீன்: நான்தான்.

ஜெமைமா: பாவம், வானம் வெளுக்கணும்னு யாரோ காத்திருக்காங்கன்னு நெனச்சேன்டி.

டெல்ஃபீன்: கருக்கணும்னு காத்திருந்தேன்.

ஜெமைமா: அடிப்பாவி… இந்த யோசனைய யார் குடுத்தா?

டெல்ஃபீன்: யாரா இருந்தா என்ன? சீட்டு எழுதுங்க.

ஆமோஸ்: பெரியம்மா, இன்னும் எழுதலையா? மேற்க கருத்துருச்சு. இப்ப கெளம்புனாத்தான் நான் விமானத்தத் திருப்பிக் கொண்டாந்து சேக்க முடியும்.

ஜெமைமா: எழுதிட்டே இருக்கேன். பைலட்டுன்னா இவ்வளவு அவசரமா?

ஆமோஸ்: இந்தப் பொண்ணு… கடிதம் வச்சிருக்கா?

ஜெமைமா: எதுக்குக் கடிதம்?

ஆமோஸ்: எனக்கும் கண்ணு இருக்கு பெரியம்மா.

ஜெமைமா: வானத்தப் பாக்கத்தான் உனக்குச் சம்பளம்.

ஆமோஸ்: விளையாடாதீங்க. நடுவானத்துல வலி வந்தா நான் ஓட்டுவேனா, இவளப் பாப்பேனா? கடிதம் இல்லைன்னா ஏத்த மாட்டேன்.

டெல்ஃபீன்: வலி ஒண்ணும் இல்லண்ணே. ஒன்றரை மணி நேரந்தான். நான் இங்கேர்ந்து நகர மாட்டேன், தூக்கித்தான் நகத்தணும். எண்பத்தாறு கிலோ.

ஆமோஸ்: சிரிக்கிற விஷயம் இல்லம்மா இது. நானும் கரடிமுனையில பொறந்தவன்தான். அங்க கடைசியாப் பொறந்ததே நான்தான், இருபத்தேழு வருஷம் ஆச்சு. ஆனா எங்கம்மா வேணும்னு செய்யல. மறந்துட்டு வந்த பிள்ளத் துணிய எடுக்க ஊருக்குப் போன எடத்துல புயல்ல மாட்டிக்கிட்டா, வேற வழியில்ல. நீ தெரிஞ்சே போற.

ஜெமைமா: …மாட்டிக்கிட்டாளா? அப்படியா சொன்னா உங்கம்மா?

ஆமோஸ்: ஆமா. எத்தன தடவ சொல்லியிருக்கா.

ஜெமைமா: என் வேலை போயிடக் கூடாதுன்னு அப்படிச் சொல்லியிருக்கா. புயல் எப்பன்னு நாலு நாள் இந்தக் கவுண்டர்ல வந்து நின்னு கேட்டவ அவ. கடைசி விமானத்துல அவளுக்குச் சீட்டு எழுதினது நான்.

ஆமோஸ்: …எங்கம்மாவா?

டெல்ஃபீன்: ஆமாண்ணே. நாளைக்கு எம்மவன் ஓட்டுறான், மொறைப்பான், நீ விடாத, அதுலயே ஏறுன்னு நேத்து எனக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அவங்கதான்.