மாத்திரை போட்டவள் மலையில் எங்கே போவாள்?

தேயிலைச் சரிவெல்லாம் தம் பெயர் சொல்லத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் தோட்டத்துத் துரை கஜேந்திரன் அவர்களே! பதுளையிலிருந்து பள்ளமும் குழியும் கடந்து, இடுப்பெலும்பைப் பாதி வழியில் தொலைத்துவிட்டு வந்திருக்கும் டொக்டர் ஸப்ரான் அவர்களே! ஒலிபெருக்கியை இனாமாகத் தந்த லுணுகலைக் கடைக்காரர் இப்றாஹீம் நானா அவர்களே! முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர்களே! கொழுந்து கொய்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவிலிருந்து, 'சுருக்கமாப் பேசு' என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி விஜயலெட்சுமியே! அனைவருக்கும் அழகையாவின் வணக்கம்.

இரத்தப் பிரசர் விழிப்புணர்வு விழா இது. சற்றுமுன் பேசிய டொக்டர், நமக்கு அறிவு போதாது என்றார். ஐயா, அறிவா போதாது? உப்பு ஆகாது, தெரியும். ஊறுகாய் ஆகாது, தெரியும். கருவாடு ஆகாது, அதுவும் தெரியும். தெரிந்ததால்தானே கிளினிக்குக்கு முந்திய வாரம் லயத்து வரிசையில் ஒரு வீட்டிலும் கருவாடு மணப்பதில்லை! கிளினிக் முடிந்த மறுநாள் நானாவின் கடையில் ஒரு வால்கூட மிஞ்சுவதில்லை! நானா, சிரிக்காதீர்கள், உங்கள் வியாபாரமே எங்கள் பிரசரில்தான் ஓடுகிறது. அங்கே யாரப்பா கைதட்டுவது? உனக்கும் பிரசர்தான், எனக்குத் தெரியும்.

கருவாட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். மாத்திரைக் கதை வேறு. விஜயலெட்சுமி, முறைக்காதே, சொல்லத்தான் போகிறேன்.

போன ஆடி மாதம். உச்சி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இவள் திடீரென்று தள்ளாடினாள், கண் சொருகினாள், கூடையோடு ஆடினாள். நம் கங்காணி ஜெயகுமார் பழுத்த பக்திமான். அம்மன் இறங்கிவிட்டாள் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். கங்காணி கைகூப்பிக் கேட்டார்:

"ஆத்தா, என்ன கொறை வச்சோம்? என்ன வேணும், சொல்லு தாயி."

இவள் அரைமயக்கத்தில் சொன்னாள்:

"ஒரு கக்கூசு கட்டிக் குடுங்கடா."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரசர் அளந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை இப்படி ஏறினால் கைகால் விழுந்துவிடும், பேச்சும் போய்விடும் என்றார். என்னை வாழவும் விடாமல் சாகவும் விடாமல் திட்டும் அந்தப் பேச்சு போய்விட்டால், நான் யாரோடு வாழ்வேன்?

ஏனடி மாத்திரை போடவில்லை என்று சண்டை பிடித்தேன். வேலையில்லாத நாளில் மட்டும் போடுகிறாளாம். அது நீரைப் பிரிக்கிற மாத்திரை.

"போட்டா மூணு தடவ போகணும். மலையில எங்க போறது, கங்காணி முன்னாடியா?"

இடுப்பளவு தேயிலைச் செடிக்குப் பின்னால் மானத்தை எப்படி மறைப்பாள்? அதனால் மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டிலிருந்து மாலையில் கொழுந்து நிறுவை வரை அடக்குகிறாள், அடக்குகிறாள், அடக்கிக்கொண்டே கொழுந்து பறிக்கிறாள்! இதுவா அறியாமை? இதுவா அலட்சியம்?

துரை அவர்களே, கொழுந்து நிறுக்க மலையில் கொட்டகை உண்டு. உரமூட்டை நனையாதிருக்கக் கூரை உண்டு. பறிக்கிற பெண்ணுக்கு என்ன உண்டு? துரை தண்ணீர் குடிக்கிறார்கள். தாராளமாகக் குடியுங்கள், உங்கள் பங்களாவில் கக்கூசு மூன்று இருக்கின்றன!

என்னம்மா விஜயலெட்சுமி, எழுந்துவிட்டாய்? ஏதோ சொல்கிறாள், சற்று அமைதியாக இருங்கள்.

"நாளையிலருந்து மாத்திரை போட்டுட்டுத்தான் மலைக்குப் போவேன். முட்டுனா கூடையோட பங்களாவுக்கு வருவேன். கதவத் தொறந்து வைக்கச் சொல்லுங்க."

கேட்டீர்களா! டொக்டர் ஐயா, உங்கள் மருந்தை ஒழுங்காகப் போடுவதாக இதைவிடப் பெரிய உறுதிமொழியை எங்கே வாங்குவீர்கள்? தாய்மார்களே, பிரசர் உள்ளவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். அடேயப்பா! பாதிப் பெரட்டே நிற்கிறதே!

துரை அவர்களே, மலையில் கட்டுவதா, பங்களாக் கதவைத் திறப்பதா, முடிவு உங்கள் கையில். கட்டி முடியும்வரை இவர்கள் உங்கள் விருந்தாளிகள். காதுகொடுத்த அனைவருக்கும் நன்றி. தாய்மார்களே, மாத்திரையைப் போடுங்கள், தண்ணீரை வயிறாரக் குடியுங்கள், காலையில் பங்களா வாசலில் சந்திப்போம். வணக்கம்!