இரண்டு சர்வருக்கும் ஒரே பெயர்

நந்தனத்தில் ஏறி அடையாறுக்கு டிக்கெட் வாங்கிய இரண்டு ஐ.டி. இளைஞர்களில் ஒருவன் சொன்னான்: "ரெண்டு சர்வருக்கும் ஒரே பேரு வெச்சிட்டேன் மச்சி."

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஆஸ்பத்திரில டயாலிசிஸ் புக்கிங் போடுற சர்வருங்கடா. படுக்கை ஒரு டேட்டாபேஸ்ல, மெஷின் இன்னொண்ணுல. ரெண்டும் சேர்ந்து பதிவாவணும், இல்லேன்னா ரெண்டும் அழியணும். செட்டிங்ஸ அப்டியே காப்பி அடிச்சேனா, பேரும் ஒண்ணாயிடுச்சு; ஒரு சர்வர் ரீஸ்டார்ட் ஆனா, இன்னொரு சர்வர் பாதில வெச்சிருக்கிற புக்கிங்க தன்னோட குப்பைன்னு நெனச்சி அழிச்சிடுது."

"பேர மாத்தேன்."

"காலைலயே மாத்திட்டேன்."

"அப்புறம் ஏண்டா மூஞ்சி இப்டி கீது?"

"அதுக்கு முன்னாடி கவுண்டர்ல புக்கிங் ஓகேன்னு சொல்லி அனுப்பிச்ச பேஷண்டுங்க நாளைக்கு வருவாங்களே."

"போன் பண்ணி சொல்லிடு."

"யாருக்கு மச்சி? அவங்க பேரு, நம்பரு எல்லாம் சேர்ந்துதான் அழிஞ்சிச்சு."

"அடையாறு டிக்கெட்லாம் இறங்கு" என்று கண்டக்டர் கத்தினார். நண்பன் இறங்கிவிட்டான். பெயர் வைத்தவன் எழுந்திருக்கவேயில்லை.