வீட்டில் பூட்டிய மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்ற யாராலும் முடியும், ஐயா. ஒரு சுத்தியலும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தால் போதும். திரும்பச் சேர்த்துப் பூட்டுவதற்குத்தான் சாமான் வேண்டும். கையில் காசில்லாதவன் அந்தச் சாமான்களைச் சேர்ப்பது பெரிய கதை. அன்று மதகடியில் நின்றுகொண்டு என் பைக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதைத் திருத்தலாம் என்று வந்தேன். தேநீர் வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் வெல்லாவெளிக்காரன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். கொக்கட்டிச்சோலையில் நான் இருக்கும் வீடு என் மனைவி யசோதினிக்குச் சீதனமாக வந்தது. கிணறு அவளுடையது, மாமரம் அவளுடையது, நான் படுக்கும் கட்டில்கூட அவளுடைய அம்மா செய்வித்தது. நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய ஹொண்டா ஒன்றுதான். அதுவும் ஓடிப் போகவில்லை. எஞ்சின் இறுகிப்போய் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏறிப் போனது. வேலியோரம் இறக்கி வைத்தேன். கோழி அதன் கீழே முட்டையிட்டது. மாமி அன்னப்பூரணி ஹாண்டிலில் சீலை காயப்போட்டார். குறை சொல்ல முடியாது, காயப்போட நல்ல இடம்தான்.

அதைப் பூட்டி ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். அந்த வளவுக்குள் என்னுடையது என்று ஒரு பொருளாவது எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசை.

காத்தான்குடியில் நளீர் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். இரும்பை நிறுத்து விற்பார். தேய்ந்த கலப்பைக்கும் நல்ல சாவிக்கும் அவரிடம் ஒரே விலை. நான் போனால் நட் கழற்றும் சாவிகளை ஒரு சாக்கில் கொட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, வாய் அகன்றிருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

"பொண்ணு பாக்க வந்தவனும் இப்பிடிப் பாக்க மாட்டான், தம்பி," என்பார்.

குருக்கள்மடத்தில் தோணி எஞ்சின் திருத்தும் ஒருவரிடம் நெல் கொடுத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று வாங்கினேன். கிடைக்காததற்கு வீட்டிலேயே வழி பார்த்தேன். எஞ்சின் பெட்டியிலிருந்து பேரிங்கை அடித்துக் கழற்றினால் பெட்டி வெடித்துவிடும். அதனால் நெல் அவிக்கும் கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பெட்டியை அதில் இறக்கினேன். சூட்டில் பெட்டி விரிந்து பேரிங் தானாக விழுந்தது. ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அழுத்தி இறக்க இடியப்ப உரல் உதவியது. அந்தக் கிழமை முழுக்க இடியப்பம் கிரீஸ் மணத்தது, யசோதினி என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தீப்பொறி பறக்கும் பொயின்ற் இடைவெளி பார்க்க லொத்தர் சீட்டை மடித்து வைத்தேன். விழாத சீட்டு அதற்காவது பயன்பட்டது. இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து, ஒரு பழைய தகரப் பெட்டி நிறைய எனக்கென்று சாமான் வந்துவிட்டது. அந்த நாட்களைப்போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை, ஐயா.

இனி உதயரூபன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் சகலன், யசோதினியின் அக்கா அஜந்தாவின் கணவர். இரண்டு வீடும் ஒரே வேலிக்குள்தான். கட்டாரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு நீலப் பெட்டி கொண்டுவந்தார். இழுக்க இழுக்கத் தட்டுகள் வரும், ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் வடிவத்தில் குழி வெட்டிய பஞ்சு. இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து இறுக்கும் சாவிகூட இருந்தது. அதை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

நல்ல மனிதர். இதை நான் மட்டுமல்ல, ஊரே சொல்லும். "கேக்காதீங்க தம்பி, எடுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது அவருடைய பைக் ஆகியிருக்கும். அவர் பின்னேரங்களில் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிடுவார். சொன்னது சரியாகவும் இருக்கும். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை.

கடைசியில் மிச்சமிருந்தது கொஞ்ச வேலைதான். அதற்கு, இறுகியதை இழுத்துக் கழற்றும் புலர் ஒன்று தேவைப்பட்டது. நளீர் ஒன்றை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். காலையில் பஸ் ஏறிப் போய், அதை வாங்கி, கடதாசியில் சுற்றிக்கொண்டு மத்தியானம் வீடு திரும்பினேன். படலையடியில் வரும்போதே சத்தம் கேட்டது. அப்பாவின் பைக் ஓடும் சத்தம். சிறுவயதில் அதைக் கேட்டு, அப்பா வருகிறார் என்றுதான் நான் புத்தகத்தைத் திறப்பேன்.

முற்றத்தில் நீலப் பெட்டி திறந்து கிடந்தது. அண்ணன் பைக்கின் மேல் இருந்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு சப்ரைஸ் எண்டு செஞ்சன், தம்பி. ஒரே உதைதான், ஸ்டார்ட்."

மாமி சிரித்தார், அஜந்தா கை தட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யசோதினிகூடத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புலர் என் கையிலேயே இருந்தது, என்ன பொட்டலம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு கோயில் பேச்சு வந்தது. புதிதாக ஒரு வாகனம் எடுத்தால் பூசை வைத்துத்தான் ஓடுவது. முதலில் யார் ஏறிப் போவது என்று யசோதினி கேட்டாள். மாமி யோசிக்கவே இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மூத்த மருமகன்தான் முதல்ல ஏறோணும், மகன். அதுதான் முறை."

ஓம் என்றேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நானே சொன்னேன். அதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவதாகவும் சொன்னேன்.

பார்க்கவில்லை, ஐயா. முழுவதையும் மறுபடி கழற்றினேன். அண்ணனின் வேலையில் ஒரு பிழையும் இருக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நட் விடாமல் கழற்றி, என் சாமான்களால், என் கையால் திரும்பப் பூட்டினேன். வியாழன் பின்னேரம் உதைத்தேன். ஒரே உதையில் எழும்பியது. யாரும் முற்றத்தில் இல்லை. நானே நிறுத்திவிட்டு, துணியால் துடைத்து வைத்தேன்.

வெள்ளி காலை மாமி சந்தனம் பூசி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். அண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்து ஏறினார். அவருடைய சின்ன மகள் ஓடிவந்து டாங்கின் மேல் ஏறிக்கொண்டாள், தானும் வருவேன் என்று ஒரே பிடி. நான் அவளைத் தூக்கி இறக்கினேன். அழுதாள். ஐஸ்பழம் வாங்கித் தருகிறேன் என்று சந்திக்கு நடத்திக் கொண்டுபோனேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் இந்த ஒன்றை யோசித்துப் பாருங்கள்.

"போயித்து வாறன், தம்பி," என்றார் அண்ணன். தேசிக்காய் நசுங்கியது. நல்ல சகுனம் என்றார் மாமி.

வாய்க்கால் மதகுத் திருப்பத்தில் முன் சில்லு கழன்றது. வயல் வட்டையில் வேளாண்மை இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்குள் ஓடிய சில்லைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது. அண்ணனின் தலை மதகுச் சுவரில் அடித்திருந்தது. நீங்கள் வந்தீர்கள். பைக்கைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "வீட்டுல வச்சு அரைகுறைச் சாமானால பூட்டினா இப்பிடித்தான்."

அன்றிலிருந்து என்னை எல்லோரும் மன்னித்துக்கொண்டிருக்கிறார்கள். செத்த வீட்டுக்கு நளீர் வந்து, ஒரு மூலையில் என்னைப் பிடித்துக்கொண்டு, தான் தந்த சாவியால்தான் இறுக்கம் போதாமல் போனதோ என்று கேட்டு அழுதார். அந்தச் சாவிகளில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அவருக்கு அதைச் சொல்ல முடியாமல் நின்றது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சந்தியில் இளந்தாரிகள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒருவன் தன் சைக்கிள் செயின் கழன்றபோது நான் குனிந்ததும், "வேணாம் அண்ண, நான் பாப்பன்," என்று பதறிப்போய்த் தள்ளிக்கொண்டு போனான்.

அண்ணனின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தபின் அஜந்தா நீலப் பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பின்னாலேயே தானும் வந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க. நான் ஒங்களக் கோவிக்கல்ல," என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாமல் என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரியும், ஐயா. அந்த முன் சில்லு நட்டை வியாழக்கிழமை போதிய அளவு இறுக்கினேன். அது தளராமல் இருக்கக் குறுக்கே இரும்பு ஊசி குத்தி வளைத்தும் விட்டேன். வெள்ளி காலையில் அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஊசியை இழுத்தெடுத்து, நட்டை விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினேன். மற்ற எதிலும் கை வைக்கவில்லை. பைக் உங்கள் பொலிஸ் முற்றத்தில்தான் கிடக்கிறது, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பாருங்கள். அண்ணன் விழுந்து கிடந்தபோதும் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்ததாம். முதலில் ஓடிவந்த வயற்காரர் இதைச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கொலை என்று எழுதுங்கள், ஐயா. பூட்டத் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.